மெரிபேங்கில் பிள்ளைக்கு இருமல்: மணிபிளாண்ட் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, நகரின் தெற்கே மெரிபேங்கில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஆறு வயது மகனுக்கு இரவில் இருமல், சில நாள் மூச்சு இழுக்கும்போது விசில் சத்தம். வீட்டில் பிளாஸ்டிக் பையே கிடையாது. வரவேற்பறை நிறைய மணிபிளாண்டும் பாம்புக் கற்றாழையும் வாங்கி வைத்தாயிற்று. மாமியார் செவ்வாய், வெள்ளி தவறாமல் சாம்பிராணி போடுகிறார், காற்று சுத்தமாகட்டும் என்று. பக்கத்து வீட்டு ஆண்ட்டியோ, "ரிஃபைனரி இரண்டும் நின்னு போச்சு, இனிமே காத்து நல்லாத்தான் இருக்கும்" என்கிறாராம், பக்கத்திலிருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளைச் சொல்லி. சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை வாழ இன்னும் என்ன செய்ய வேண்டும், வீடு மாறிவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

முதலில் பிள்ளை. இரவு இருமலும் விசில் சத்தமும் சேர்ந்து வந்தால் ஆஸ்துமா இருக்கலாம். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் கொடுங்கள். "பம்ப் பழகிவிடும்" என்று நம் ஆட்கள் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பிள்ளைகளை மூச்சுத் திணற வைத்திருக்கிறார்கள். அது பழக்கமாகிற மருந்து இல்லை.

இனி காற்று. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். நகரச் சுகாதாரப் பணியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளில் வரும் "பசுமை வாழ்க்கை" அறிவுரைகளில் பாதி, கடையில் ஒரு பொருளுக்குப் பதில் இன்னொரு பொருளை வாங்கச் சொல்வதுதான். டர்பன் தெற்கில் காற்று ஓரளவு தேறியது அதனால் இல்லை. ஜனங்கள் குறித்து வைத்தார்கள், கேள்வி கேட்டார்கள், ஆலை வாசலில் போய் நின்றார்கள், கடைசியில் சட்டம் மாறியது. அதே சமயம், வீட்டுக்குள் நாமே போடும் புகைக்கும் நாமே சிங்க்கில் ஊற்றும் எண்ணெய்க்கும் எந்தக் கம்பெனி மேலும் பழி போட முடியாது. எது நம் கையில் இருக்கிறது, எது இன்னொருவன் புகைபோக்கியிலிருந்து வருகிறது என்று பிரித்துக்கொண்டால் உங்கள் கேள்விக்குப் பதில் தானாக வரும்.

நீங்கள் குடியிருக்கும் இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். கடல் பக்கம் பிளஃப் மேடு, உள்பக்கம் பெரியா என்ற பகுதியிலிருந்து நீளும் மேடு, நடுவில் தாழ்வான சமவெளி. அந்தத் தாழ்வில்தான் கிளேர்வுட், ஜேக்கப்ஸ், வெண்ட்வொர்த், மெரிபேங்க் எல்லாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலத்தில், இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு அடுக்காக நிற்கும். சட்டிக்கு மூடி போட்ட மாதிரி, கீழே கிளம்புகிற புகை மேலே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். வெயில் ஏறிய பிறகுதான் அந்த மூடி கலையும். உங்கள் மகனுக்கு விடியற்காலையில் இருமல் கூடுகிறதா, ஜூலையில் அதிகமாக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். டாக்டரிடமும் அதைச் சொல்லுங்கள்.

இந்தத் தாழ்விலே இந்தியர் குடியிருப்பு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் இந்தச் சதுப்பு நிலத்தை அடுத்து காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். கிளேர்வுட்டில் முருகன் கோயில் எழும்பியது அந்த நாள்களில்தான். பிறகு நகரசபை இதே தாழ்வைத் தொழிற்சாலைக்கும் ஒதுக்கியது. 1950-இல் குழுப் பகுதிச் சட்டம் வந்தபின், எந்த நிறத்தவர் எங்கே இருக்கலாம் என்று கோடு போட்டு, மெரிபேங்கில் இந்தியர்களையும் வெண்ட்வொர்த்தில் கலப்பினத்தவர்களையும் குடியமர்த்தினார்கள். ஒரு பக்கம் 1954-இல் தொடங்கிய ரிஃபைனரி, பின்னாளில் எஞ்ஜென் என்ற பெயரில் நடந்தது. இன்னொரு பக்கம் 1960களில் வந்த சாப்ரெஃப், ஒரு நாளைக்கு 1,80,000 பீப்பாய் சுத்திகரிக்கும் திறனோடு தெற்கு ஆப்பிரிக்க வட்டாரத்திலேயே பெரியது. கூடவே ஒரு காகித ஆலை. வீடும் ஆலையும் அடுத்தடுத்து இருப்பது தற்செயலாக நடந்ததில்லை.

சண்டை எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு உதவப் போவது அதுதான். 1995-இல் எஞ்ஜென் ரிஃபைனரிக்கு வந்த அதிபர் மண்டேலா, வாசலில் அட்டை பிடித்து நின்றவர்களைக் கண்டு வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசினார். அதற்குப் பிறகுதான் மேலிடத்தில் காது கேட்க ஆரம்பித்தது. தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு உருவானதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் "நாறுகிறது" என்று சொன்னால் "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று பதில் வரும். அளந்தவர்கள் ஆலைக்காரர்களே. அதனால் ஜனங்கள் தாங்களே அளக்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கருவியை வெறும் வாளி என்றுதான் சொல்ல வேண்டும். பெயின்ட் வாளி மாதிரி மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் விசேஷமான ஒரு பிளாஸ்டிக் பை, மூடியில் ஒரு குழாயும் வால்வும். நாற்றம் அடிக்கிற நேரத்தில் வாளிக்குள் இருக்கும் காற்றைச் சின்ன பம்பால் உறிஞ்சி வெளியேற்றினால், உள்ளே இருக்கிற பை வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு உப்பும். சில நிமிடம் போதும். வால்வை மூடி, பையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதில் பென்சீன் எவ்வளவு, கந்தகச் சேர்மங்கள் எவ்வளவு என்று வந்துவிடும். அமெரிக்காவில் ரிஃபைனரி ஓரத்துக் குடியிருப்புகளில் ஆரம்பித்த முறை அது. 2000-ஐ ஒட்டி இங்கே வந்தது. இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அதே 2000-இல் சுற்றுச்சூழல் அமைச்சர் வல்லி மூசா தெற்கு டர்பனுக்கென்று பல அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார். நட்டால் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இரண்டு ரிஃபைனரிக்கும் நடுவில் இருக்கும் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆய்வு செய்தபோது, ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி இருந்தது தெரிந்தது. மாசு கூடிய நாளுக்குப் பிறகு ஆஸ்துமாப் பிள்ளைகளின் நுரையீரல் திறன் இறங்குவதும் அளவில் பதிவானது. 1965-ஆம் வருடத்துப் பழைய சட்டத்தின் இடத்தில் 2004-இல் புதிய காற்றுத் தரச் சட்டம் வந்தது. ஆலைகள் கந்தகம் மிகுந்த எரிஎண்ணெயைக் குறைத்தன, கந்தக டை ஆக்சைடும் நன்றாகவே இறங்கியது.

இப்போது ஆண்ட்டி சொன்னதற்கு வருவோம். 2020 டிசம்பர் 4 காலையில் எஞ்ஜென் ரிஃபைனரியில் வெடிவிபத்து. எதிரே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு அங்கே சுத்திகரிப்பு நடக்கவில்லை, அந்த இடத்தை எரிபொருள் சேமிப்பு முனையமாக்குவது என்று முடிவானது. சாப்ரெஃப் 2022 மார்ச் கடைசியில் நின்றது, அடுத்த மாதமே வெள்ளத்தில் மூழ்கியது, 2024-இல் அரசு நிறுவனத்துக்கு ஒரே ஒரு ராண்டுக்குக் கைமாறியது. ஆக, ஆண்ட்டி சொன்னதில் ஒரு பாதி சரி. கந்தகப் புகை அந்தக் கால அளவுக்கு இப்போது இல்லை. ஆனால் சேமிப்புத் தொட்டிகளிலிருந்து பெட்ரோல் ஆவி கசியும். தரைக்கு அடியில் குழாய்கள் ஓடுகின்றன. 2001-இல் வீடுகளுக்குக் கீழே போன ஒரு குழாயிலிருந்து 10 லட்சம் லிட்டருக்கும் மேல் பெட்ரோல் மண்ணில் இறங்கியது. இதையெல்லாம் விட எனக்கு இன்று பெரிதாகப் படுவது லாரி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளேர்வுட்டின் வீட்டுத் தெருக்கள் வரை நுழைந்து, எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும். டீசல் புகையில் இருப்பது பிஎம் 2.5 என்கிற நுண்துகள். அது நாசியில் நிற்காது, மூச்சுக் குழாயில் நிற்காது, நேரே நுரையீரலின் அடி வரை இறங்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வருடாந்தர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் வரம்பு 20. 2030-இல்தான் அது 15 ஆகும். "சட்டப்படி சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம். செடிகளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். வீட்டுச் செடி காற்றைச் சுத்திகரிக்கும் என்ற பேச்சு 1989-இல் வந்த நாசா ஆய்விலிருந்து கிளம்பியது. அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை. நம் வீட்டில் ஜன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. 2019-இல், அதுவரை வந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள், ஜன்னல் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும், சில வாயுவுக்கு ஆயிரம் கூட வேண்டியிருக்கும் என்றார்கள். நுண்துகளுக்கோ அது மருந்தே இல்லை. செடி அழகுக்கு இருக்கட்டும், ஒன்றும் கெடுதல் இல்லை. தொட்டி மண்ணில் பூசணம் மட்டும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆஸ்துமாவுக்கு ஆகாது.

சாம்பிராணி விஷயம் கொஞ்சம் சங்கடமானது. மாமியாரிடம் யார் சொல்வது? ஆனால் உண்மை இதுதான்: சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் காற்றைச் சுத்தப்படுத்தாது. எரிகிற எதுவும் துகளைத்தான் கொடுக்கும். மூடிய அறையில் சாம்பிராணி போட்டால், வெளியே லாரி நிற்கிற தெருவைவிட உள்ளே துகள் கூடுதலாக இருக்கலாம். சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. தூபத்தை வாசல் படியிலோ பின்கட்டிலோ காட்டலாம், பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில் போடலாம், ஜன்னலைத் திறந்து வைக்கலாம். உள்ளே ஒரு நெய்விளக்கு போதும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு "புகை வேண்டாம்" என்று சொன்னால் கோபம் வரும். "பேரனுக்கு இழுக்கிறது, வெளியே காட்டுவோமா" என்று கேட்டுப் பாருங்கள், அவர்களே கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

கொசுவர்த்தி அதைவிட மோசம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்ததற்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். டர்பனில் மழைக்காலத்தில் கொசு உண்டுதான், ஆனால் மலேரியா இந்த நகரத்தில் பரவுவதில்லை. வலை கட்டுங்கள், ஜன்னலுக்கு மெஷ் அடியுங்கள். சுருளை இன்றைக்கே நிறுத்தலாம். செலவில்லாமல் உங்கள் மகனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்பேன்.

ஜன்னலை எப்போது திறப்பது என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் விடிகாலையிலும் இருட்டிய பிறகும் மூடி வைப்பது நல்லது. காலை பத்து மணிக்கு மேல், கடல்காற்று எழுந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். தாளிக்கும்போது, மீன் பொரிக்கும்போது எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

வடக்குக் கடற்கரைப் பக்கம், டோங்காட், வெருலம், ஸ்டாங்கரில் உறவினர் இருந்தால் இன்னொன்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு. வெட்டுவதற்கு முன் தோகைக்குத் தீ வைப்பார்கள், வெட்டுகிறவர்களுக்குச் சுலபம் என்று. அன்று கொடியில் காயப் போட்ட வெள்ளைத் துணியில் கறுப்புக் கறுப்பாய் நீளமான கரித்துணுக்கு விழும். கையால் தட்டினால் தேய்ந்து கோடு போடும், உதறித்தான் எடுக்க வேண்டும். தோகையை எரிக்காமல் வெட்டி நிலத்திலேயே மூடாக்காகப் போட்டால் மண் ஈரம் நிற்கும், களை குறையும். இது விவசாயிகளுக்குத் தெரியாததில்லை. வெட்டுக்கூலி கூடும், அதனால்தான் தயக்கம். நம் முன்னோர் வெட்டிய அதே கரும்பு, இன்றும் அதே புகை.

பிளாஸ்டிக்குக்கு வருகிறேன். பை வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தது நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் முள்வேலி எல்லாம் பை தொங்கியதால், பிளாஸ்டிக் பையைத் தென்னாப்பிரிக்காவின் "தேசிய மலர்" என்று கிண்டல் செய்தார்கள். 2003 மே மாதம் மெல்லிய பைகளுக்குத் தடை வந்தது, கனமான பைக்குக் காசு வாங்க ஆரம்பித்தார்கள். முதலில் விற்பனை சரசரவென்று சரிந்தது. அப்புறம் பையின் விலையைக் கடைகள் குறைத்தன, ஜனங்களுக்கும் பழகிப்போனது, பழையபடி ஏறிவிட்டது. சில காசு வரியால் மட்டும் பழக்கம் மாறாது என்பதற்கு இந்த நாடு நல்ல உதாரணம்.

ஆனால் நம் சமூகத்தில் பையைவிடப் பெரிய குப்பை ஒன்று இருக்கிறது: தெர்மாகோல் கப்பும் தட்டும். ஆடி மாதம் எந்த மாரியம்மன் கோயிலுக்காவது போய்ப் பாருங்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம், சரி. அந்தக் கூழை ஆளுக்கொரு தெர்மாகோல் கப்பில் ஊற்றிக் கொடுக்கிறோம். அன்னதானமும் மூடி போட்ட தெர்மாகோல் டப்பாவில்தான். மத்தியானம் ஆவதற்குள் வேலி ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் கிடக்கும். காற்றடித்தால் வடிகாலுக்குள் போய்விடும். டர்பனில் மழைநீர் வடிகால் தனி, கழிவுநீர்க் குழாய் தனி. மழைநீர் வடிகாலில் விழுந்தது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகாது. நேரே ஓடைக்கும், ஆற்றுக்கும், துறைமுகக் குடாவுக்கும் போகும். ஒரு காலத்தில் நம் ஆட்கள் அந்தக் குடாவில் சாலிஸ்பரி தீவில் குடியிருந்து இழுவலை போட்டு மீன் பிடித்தார்கள். இன்று பெருமழைக்குப் பிறகு அந்தத் தண்ணீர்மேல் மிதப்பது என்ன என்று பார்த்தால் நம் கப்பும் அதில் இருக்கும்.

இத்தனைக்கும் வாழை இந்த மண்ணில் களை மாதிரி வளர்கிறது. தெற்குக் கடற்கரை முழுக்க வாழைத்தோட்டம். பந்திக்கு இலை போடுகிற வழக்கம் இங்கே நின்றுபோகவும் இல்லை, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் இலை வருகிறது. கோயிலுக்கு மட்டும் ஏன் தெர்மாகோல்? கேட்டால், "இலை கட்டி வாங்க ஆள் இல்லை, கழுவ ஆள் இல்லை" என்பார்கள். நியாயமான பதில்தான். அதற்கு வழி: ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வருவது. கொண்டு வராதவருக்குக் கோயில் டம்ளர், அவரே கழுவி வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் மகளிர் குழு இதை நடத்திக் காட்டியது. முதல் வருடம் முணுமுணுப்பு, அடுத்த வருடம் எல்லார் கைப்பையிலும் டம்ளர். கடலோரத்திலும் ஆற்று முகத்திலும் பூஜை செய்துவிட்டு பிளாஸ்டிக் தட்டு, துணி, கண்ணாடிப் பாட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவதும் இதே ரகம். பூவும் பழமும் மட்கும். ஜரிகைத் துணி மட்காது.

அடுத்தது எண்ணெய். தீபாவளிக்கு முறுக்கும் வடையும் சுட்ட எண்ணெயைச் சுடுதண்ணீரோடு சிங்க்கில் ஊற்றிவிட்டால் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. குழாய்க்குள் ஆறியதும் சுவரில் படிந்து, சோப்பு நுரையோடும் சோற்றுப் பருக்கையோடும் சேர்ந்து கெட்டியாகும். பம்ப் நிலையத்தில் அடைத்துக்கொண்டால் மேன்ஹோல் வழியாகக் கழிவுநீர் பொங்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கழிவுநீர் நிலையங்களும் பம்புகளும் நாசமாயின. அதன் பிறகு ஈ.கோலை கிருமி மிகுந்து கடற்கரைகளை மாதக்கணக்கில் மூடி வைத்தார்கள். அது நகராட்சியின் பொறுப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஏற்கெனவே திணறும் குழாயில் நாமும் எண்ணெயை ஊற்ற வேண்டாம். ஆறவிட்டு, பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். வாணலியைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள்.

நம் குப்பை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1980-இல் கிளேர் எஸ்டேட்டில், அந்த நாளில் இந்தியருக்கென்று ஒதுக்கிய பகுதியின் நடுவில், பிசாசர் ரோடு குப்பைமேடு திறந்தார்கள். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குப்பைமேடுகளில் ஒன்றாக அது வளர்ந்தது. எதிர்வீட்டில் இருந்து அதை மூடச் சொல்லிக் கடைசிவரை போராடிய சஜிதா கான் 2007-இல் புற்றுநோயால் இறந்தார். சாட்ஸ்வொர்த்தில் புல்புல் டிரைவ் என்று ஒரு நச்சுக் கழிவுக் கிடங்கு இருந்தது. அதை இன்னும் பல வருடம் நீட்டிக்க நினைத்தபோது ஜனங்கள் எதிர்த்து 2011-இல் மூட வைத்தார்கள். முன்னின்ற டெஸ்மண்ட் டிசாவுக்கு 2014-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. நம் கறுப்புக் குப்பைப் பையில் கணிசமான எடை காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் ஆவது அதுதான். பின்கட்டில் கொஞ்சம் மண் இருந்தால் மூடியுள்ள டிரம்மில் காய்ந்த இலையோடு மாற்றி மாற்றிப் போடுங்கள். சமைத்த சோறு, மீன், கறி வேண்டாம், எலி வரும். அந்த உரத்தில் மிளகாயும் கறிவேப்பிலையும் நன்றாக வரும். காகிதமும் பிளாஸ்டிக்கும் நகராட்சியின் ஆரஞ்சு மறுசுழற்சிப் பையில். என்ன ஆனாலும் பின்கட்டில் குப்பையைக் கொளுத்தாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கொளுத்தினாலும் போய்ப் பேசுங்கள். பிளாஸ்டிக் எரிகிற புகையில், குறிப்பாக பிவிசி கலந்திருந்தால், டையாக்சின் என்ற நச்சு இருக்கும்.

மின்சாரம் பற்றி ஒரே வார்த்தை: கீசர். இந்த நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. வீட்டு மின்சாரத்தில் பெரும்பங்கை விழுங்குவது கீசர்தான். டைமர் வைத்து, 60 டிகிரிக்கு இறக்கி, மேலே போர்வை சுற்றுங்கள். எல்இடி பல்பு மாற்றியதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், கீசர் கூரைக்குள் மறைந்திருப்பதால் யாரும் நினைப்பதில்லை.

கடைசியாக, உங்கள் கையில் இல்லாத புகை. அதற்கு ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வாடை, பிள்ளைக்கு எப்படி இருந்தது, பம்ப் எத்தனை முறை. வாடையை உள்ளபடி எழுதுங்கள்: அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம், தீக்குச்சி உரசிய காரம் என்றால் கந்தக டை ஆக்சைடு, பெட்ரோல் பங்க் வாடை என்றால் தொட்டி ஆவி. காற்றுத் திசைக்குக் கருவி வேண்டாம், எதிர்வீட்டுக் கொடித்துணி போதும். இங்கே பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வீசும். வாடையும் திசையும் நேரமும் சேர்ந்தால் எந்தப் புகைபோக்கி என்று ஊகிக்க முடியும். ஒருவர் எழுதினால் அது புலம்பல் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதே தெருவில் நாலு வீட்டு நோட்டு ஒரே தேதியைக் காட்டினால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 24-ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடு இல்லாத சுற்றுச்சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. நீங்கள் குடியுரிமை இல்லாமல் விசாவில் இருந்தாலும் அந்த "ஒவ்வொருவர்" உங்களையும் சேர்த்துத்தான். 2004 சட்டப்படி நகராட்சிக்குக் காற்றுத் தர அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். பெரிய ஆலைகள் உமிழ்வு உரிமம் வாங்க வேண்டும். நாற்றத்தைக் கட்டுப்படுத்தவும் அதில் விதி உண்டு. அந்த உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று 2000-ஆம் ஆண்டு தகவல் பெறும் சட்டத்தின்படி கேட்கலாம். புகார் செய்யும்போது குறிப்பு எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகார், வராத புகார். அளவீட்டு நிலையங்களின் எண்கள் இணையத்தில் கிடைக்கும், ஆனால் நிலையம் எல்லா நாளும் ஓடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். உங்கள் நோட்டு நிற்காமல் ஓடட்டும்.

வீடு மாறுவதா? கொசுவர்த்தியையும் மூடிய அறைச் சாம்பிராணியையும் நிறுத்தி, மருந்தை ஒழுங்காகக் கொடுத்து, ஒரு குளிர்காலம் நோட்டில் எழுதிப் பாருங்கள். இருமல் குறைந்தால் இருங்கள். மெரிபேங்க் நல்ல அக்கம்பக்கம், கோயிலும் பள்ளியும் நடக்கும் தூரத்தில். குறையாமல், ஆலைகளின் பக்கமிருந்து காற்று வீசும் இரவுகளிலேயே திணறல் வருகிறது என்று நோட்டு சொன்னால், டாக்டரிடம் காட்டிவிட்டு மேட்டுப் பக்கம் வீடு பாருங்கள். பார்க்கப் போகும்போது மத்தியானம் போகாதீர்கள், அப்போது எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். ஜூலை மாதம் காலை ஆறு மணிக்குப் போய் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள், தெருவில் எத்தனை லாரி போகிறது என்று எண்ணுங்கள், அப்புறம் முன்பணம் கொடுங்கள்.